தகடு பிறகு, இயக்கம் முதலில்

ராஜபாளையத்து நூற்பாலைகளில் நூலின் தரத்தைப் பொதிமேல் ஒட்டிய சீட்டை மட்டும் நம்பி முடிவுசெய்வதில்லை. முறுக்கையும் கவுண்ட்டையும் சோதிப்பார்கள். பழைய ராணுவத் தொலைபேசிகளையும் கைவானொலிகளையும் சேகரிப்பவருக்கு வேண்டியதும் அந்தப் பழக்கமே. பெயர்த்தகட்டை இன்னொரு பெட்டியில் பொருத்தச் சில திருகாணிகள் போதும். பச்சை வண்ணம் பூசுவது அதைவிட எளிது. கருவி வேலை செய்யும் முறையை மாற்றுவதுதான் கடினம். எனவே முதல் சாட்சி இயக்கமுறை, அடுத்ததுதான் தகடு.

கம்பியுள்ளது மூத்தது, கம்பியில்லாதது இளையது என்று கணக்கிடுவது பெரும் பிழை. அமெரிக்காவின் பி.சி.-611 கைவானொலி 1941-இல் வந்தது, டி.ஏ.-312 கம்பித் தொலைபேசியோ இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே நிற்கும் மலையைப் பார்த்தால் காரணம் விளங்கும். மிக உயர் அதிர்வெண்ணில் இயங்கும் வானொலிகளின் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால், முகடு மறித்தால் அப்பால் பேச்சு எட்டாது. கம்பியோ முகட்டில் ஏறி இறங்கிவிடும். அதனால் இரண்டும் அருகருகே வாழ்ந்தன.

அப்படியானால் எதைப் பார்ப்பது? பி.சி.-611-இல் இயக்கவும் அணைக்கவும் தனிச் சுவிட்ச் கிடையாது. ஏரியலை வெளியே இழுத்தால்தான் கருவி உயிர்பெறும். உள்ளே ஐந்து வால்வுகள் இருக்கும். வால்வுகளின் இடத்தைப் பின்னர் பிடித்த டிரான்சிஸ்டர் 1947-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. போர்க்காலத் தகடு உள்ள பெட்டிக்குள் அது இருந்தால் தகட்டை நம்ப வேண்டாம். ஈ.ஈ.-8 களத் தொலைபேசிக்கு உறையே வயது சொல்லும்: முதலில் தோல், பிறகு கான்வாஸ், கடைசியில் நைலான். அகன்ற அம்புக்குறி பிரிட்டிஷ் அரசின் உடைமையைக் காட்டும். அதைச் சுற்றி 'சி' எழுத்து இருந்தால் கனடா. ஆனால் அது உடையவரைச் சொல்லுமே தவிர, செய்தவரைச் சொல்லாது.

ராணுவப் பணிமனைகளே பழுதுபார்க்கையில் பாகங்களை மாற்றினவே, அப்போது இந்தச் சோதனை பொய்க்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு பாகம் பிந்தியது என்பதற்காகக் கருவியைப் போலி என்று தள்ளக் கூடாது. பழைய ஈயப் பற்றும் தேய்மானமும் ஒத்துப்போனால் அந்த மாற்றமும் அதன் வரலாறே. ஒரே அடையாளத்தை நம்பாமல், பல அடையாளங்கள் ஒன்றுக்கொன்று இசைகின்றனவா என்று பார்ப்பதே முறை.

களத் தொலைபேசியின் கைப்பிடியைச் சுழற்றும்போது கம்பி இணைப்பு முனைகளைத் தொடாதீர்கள், மின்னதிர்ச்சி தாக்கும். உரிமமின்றி வானொலியில் ஒலிபரப்பாதீர்கள். முக்கியமாக, துடைத்துப் பளபளப்பாக்கும் முன் ஒவ்வொரு முத்திரையையும் படமெடுத்து வையுங்கள். அழிந்த முத்திரை திரும்ப வராது.