திரைக்குப் பின்னால் – 11: எட்டும் முடிந்ததா?

ஒரு கடையின் இணையதளத்தில் ‘கூடையைக் காலி செய்’ என்ற பட்டனை அழுத்துகிறீர்கள். உள்ளே இருந்த எட்டுப் பொருள்களும் மங்கி மறைகின்றன. கடைசிப் பொருளும் மறைந்த பிறகு ‘கூடை காலி’ என்று ஒரு வரி வரவேண்டும். ஜேகுவரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் இதை முதல்முறை எழுதுகிறவருக்கு அந்த வரி எட்டு முறை வரும்.

மங்கவைக்கும் கட்டளையோடு ‘முடிந்ததும் இதைச் செய்’ என்று நாம் கொடுத்தனுப்பும் கால்பேக், பொருளுக்கு ஒருமுறை ஓடும் என்பதுதான் காரணம். கூடையில் ஒன்றுமே இல்லாவிட்டால் ஒருமுறைகூட ஓடாது. இந்த இரண்டாவது கோளாறுதான் விஷமம் பிடித்தது. சோதிக்கும்போது யாரும் வெறும் கூடையை வைத்துக்கொண்டு சோதிப்பதில்லையே!

அவசரக்காரர்கள் டைமர் வைப்பார்கள். ஜேகுவரி அனிமேஷனின் வழக்கமான நீளம் 400 மில்லிசெகண்ட். அதே அளவுக்குக் காத்திருந்து வரியைக் காட்டிவிடலாம் என்று கணக்கு. டிசைனர் அதை 600 ஆக்கிய அன்று கணக்கு உதைக்கும். 2011இல் வந்த ஜேகுவரி 1.6 இதற்கு நேரான வழி தந்தது: கூட்டம் மொத்தத்துக்கும் ஒரே ‘ப்ராமிஸ்’. எட்டும் முடிந்தால் ஒருமுறை நிறைவேறும். ஒன்றுமே இல்லையென்றால் உடனே நிறைவேறும்.

இன்று ஜேகுவரி இல்லாமலே பிரவுசர் இதைச் செய்கிறது. அனிமேஷன் ஒவ்வொன்றுக்கும் ‘ஃபினிஷ்ட்’ என்றொரு ப்ராமிஸ் உண்டு; எட்டையும் சேர்த்து ‘ப்ராமிஸ்.ஆல்’ கையில் கொடுத்தால் போதும். போதுமா? பாதியில் ஒரு அனிமேஷனை ரத்துசெய்தால் அதன் ப்ராமிஸ் முறிகிறது. ஒன்று முறிந்தால் ‘ஆல்’ அந்த நொடியே கைவிரித்துவிடும், மற்ற ஏழும் ஓடிக்கொண்டிருந்தாலும். 2020இல் ஜாவாஸ்கிரிப்ட்டில் சேர்ந்த ‘ஆல்செட்டில்ட்’ அப்படியல்ல. நிறைவேறியதோ முறிந்ததோ, எட்டுக்கும் ஒரு முடிவு தெரியும்வரை காத்திருக்கும். திரையை ஒழுங்குபடுத்தும் வேலைகளுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் கூடை காலியான செய்தி சர்வருக்குப் போக எந்த அனிமேஷனும் முடியவேண்டியதில்லை. பட்டன் அழுத்தியதுமே அது போய்விட வேண்டும், மங்குவதெல்லாம் கண்ணுக்காக.

பக்கத்தில் ஓடும் அனிமேஷன்களை மொத்தமாக அள்ளிக் காத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘ஏற்றப்படுகிறது’ என்று சுற்றிக்கொண்டே இருக்கும் வளையமும் அந்த அள்ளலில் வந்துவிடும். முடிவே இல்லாமல் சுற்றும்படி எழுதப்பட்டது அது. அதன் ப்ராமிஸ் தானாக நிறைவேறாது. அதைக் களைந்துவிட்டுத்தான் மற்றவற்றுக்குக் காத்திருக்க வேண்டும்.

சிஎஸ்எஸ் டிரான்சிஷனின் ‘முடிந்தது’ நிகழ்வை மட்டும் நம்புகிறவர்களுக்கு வேறொரு சிக்கல். அசைவு தலைசுற்றலைத் தருகிறது என்று போனில் அனிமேஷனைக் குறைத்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அமைப்பை மதித்து டிரான்சிஷனையே நீக்கும் தளங்களில் ‘முடிந்தது’ நிகழ்வு வரவே வராது. அவர்கள் கூடையைக் காலி செய்தால், பொருள்கள் போய்விடும். ‘கூடை காலி’ என்ற வரி மட்டும் வராது.