கிளாட் ஆக்கின்லெக்

சர் கிளாட் ஆக்கின்லெக் (1884–1981) இரண்டாம் உலகப் போரின் வடக்கு ஆப்பிரிக்கப் போர்த்தொடரில் பங்கேற்ற பிரித்தானியத் தளபதி. பிரித்தானிய இந்தியத் தரைப்படையில் வளர்ந்த இவர், ஜூலை 1941ல் மத்திய கிழக்குத் தலைமைத் தளபதியானார். அவ்வாண்டின் குரூசேடர் நடவடிக்கை டோப்ருக் முற்றுகையை முறியடித்தது. ஆனால் 21 ஜூன் 1942 அன்று ரோமல் டோப்ருக்கைக் கைப்பற்றி, எகிப்துக்குள் நுழைந்தார். ஜூன் 25ல் ஆக்கின்லெக் 8வது ஆர்மியின் பொறுப்பைத் தாமே ஏற்றார்.

வடக்கே கடல், தெற்கே டாங்குகள் கடக்க முடியாத கத்தாரா பள்ளம். இடையிலிருந்த எல் அலமைனில் ரோமலின் முன்னேற்றம் நின்றது. முதல் நாளில் 18வது இந்தியப் பிரிகேட் தன்னைப் பெரும்பாலும் இழந்தே அவரைத் தாமதப்படுத்தியது.

ஆகஸ்டில் சர்ச்சில் இவரை நீக்கினார். அடுத்த அலமைன் வெற்றியின் புகழ் மோண்ட்கோமரிக்குப் போனது. ஜூலைத் தடுப்பு இல்லையேல் அச்சண்டைக்கே இடமிருந்திராது. 1943ல் மீண்டும் இந்தியத் தலைமைத் தளபதியான இவரிடமே, 1947ல் அப்படையை இரு நாடுகளுக்கும் பிரிக்கும் பணி வந்தது.