வேலை முடிந்தது, இனி வீடு! மெக்சிகோவில் ஓய்வு பெற்ற பெரியவர்களின் அன்றாட வாழ்க்கை

வேலையில் இருந்து ஓய்வு பெறுவதற்கு மெக்சிகோவில் 'ஹுபிலாசியோன்' என்று பெயர். ஸ்பானிய மொழிச் சொல் இது. களிப்பு, ஆரவாரம் என்ற பொருள் கொண்ட ஒரு லத்தீன் சொல்லில் இருந்து பிறந்தது. நாற்பது ஆண்டு மாடாய் உழைத்தவனுக்கு இனிமேல்தான் கொண்டாட்டம் என்று எண்ணி அந்தப் பெயரை வைத்தார்கள் போலும்!

கொண்டாட்டம்தானா? வரும் பணம் போதுமா? பக்கத்தில் பிள்ளைகள் இருக்கிறார்களா? உழைத்த ஊரிலேயே இருப்பதா, பிறந்த ஊருக்குத் திரும்புவதா? சொந்த மண்ணை விட்டு வந்து பிழைக்கும் எவருக்கும் ஐம்பது வயதுக்கு மேல் வருகிற கேள்விகள் இவை. பூமிப் பந்தின் மறுபக்கத்தில் இருக்கும் மெக்சிகோவிலும் இதே கேள்விகள்தான்.

2020-ம் ஆண்டு எடுத்த கணக்குப்படி மெக்சிகோவின் மக்கள் தொகை 12 கோடியே 60 லட்சம். அதில் 60 வயதைக் கடந்தவர்கள் 1 கோடியே 51 லட்சம் பேர். நூற்றுக்கு 12 பேர் பெரியவர்கள்.

தெருவைக் கேட்கும் தாத்தா

மெக்சிகோ நாட்டு நகரங்களில் மொட்டை மாடி தோறும் கருப்பு நிறத் தண்ணீர்த் தொட்டி நிற்கும். பல பகுதிகளில் குழாயில் எந்நேரமும் தண்ணீர் வராது. வரும்போது பிடித்து வைக்க வேண்டும். குடிப்பதற்கு 20 லிட்டர் கேன் வாங்குகிறார்கள். சமையல் கேஸ் லாரியில் வரும். வேலைக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுவார்கள். எனவே தண்ணீர்க்காரனையும் கேஸ்காரனையும் கூப்பிடும் பொறுப்பு, வீட்டில் இருக்கும் தாத்தாவுக்கும் பாட்டிக்கும்தான்.

அதற்குக் காது கூர்மையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வியாபாரிக்கும் ஒரு சத்தம் உண்டு. சாணை பிடிப்பவர் சின்னக் குழல் ஊதுவார். பழைய கட்டில் மெத்தை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி வாங்கும் வண்டியில் ஒரு சிறுமியின் குரல் ஒலிநாடாவில் ராகம் போட்டுக் கூவும். பழைய சாமான் வியாபாரி ஒருவர் தம் மகளைப் பேச வைத்துப் பதிவு செய்த குரல் அது. இன்று நாடு முழுவதும் அதே குரல்தான்! தலைநகரில் மாலை இருட்டியதும், சர்க்கரைவள்ளிக் கிழங்கு விற்கும் தள்ளுவண்டி நீராவி விசிலை ஊதும். ரெயில் என்ஜின் நினைவு வராமல் போகாது.

அம்மியும் சுண்ணாம்பும்

அந்த ஊர்ச் சாப்பாட்டில் 'தோர்த்தியா' இல்லாத வேளை இல்லை. மக்காச்சோள ரொட்டி அது. சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேக வைத்து, ஊற வைத்து, கழுவி அரைத்து, தட்டிச் சுடுகிறார்கள். பாட்டிமார்களின் இளமைக் காலத்தில், விடியும் முன்பே எழுந்து அம்மியில் அரைக்க வேண்டும். இப்போது தெருவுக்குத் தெரு ரொட்டிக் கடை இருக்கிறது. கையில் ஒரு துணியுடன் வரிசையில் நின்று, கிலோக் கணக்கில் சூடாக வாங்கி, துணியில் பொதிந்து கொண்டு வருவது பெரியவர்களின் அன்றாட வேலைகளில் ஒன்று. வரிசையில்தான் ஊர்ச் செய்தி எல்லாம் கிடைக்கும்.

தொட்டுக்கொள்ள அவரை இனத்துப் பயறும், மூன்று கால் கல்லுரலில் நசுக்கிய மிளகாய், தக்காளித் துவையலும். மிளகாய் நம்முடையது என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். அது அந்தப் பக்கத்துச் சரக்கு. போர்த்துக்கீசியர் வழியாக இங்கே வந்தது. தமிழன் சப்போட்டா என்கிறான். மும்பைக்காரன் சிக்கு என்கிறான். இரண்டு பெயர்களும் மெக்சிகோவின் 'சிக்கோ சப்போத்தே' என்ற ஒரே பெயரின் இரண்டு துண்டுகள்! பதிலுக்கு நம் புளி அங்கே போய், வெயில் நேரத்துப் பானகமாக விற்பனையாகிறது.

பெரிய சாப்பாடு பகல் 2 மணிக்கு மேல்தான். பள்ளிக்கூடம் விட்டு வரும் பேரப்பிள்ளைகளை அழைத்து வந்து, சாப்பாடு போட்டு, பெற்றோர் திரும்பும் வரை பார்த்துக் கொள்வது தாத்தா பாட்டிதான். ஓய்வு என்பது ஆபீசில் இருந்துதான். வீட்டில் இருந்து அல்ல!

பென்சன் கணக்கு

மெக்சிகோவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1943-ம் ஆண்டு வந்தது. தொழிலாளியும் முதலாளியும் அரசும் பணம் கட்ட, வைத்தியமும் பென்சனும் கிடைக்கும். ஆனால் 1997-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி ஒரு கோடு கிழித்தார்கள்.

அந்தத் தேதிக்கு முன் வேலையில் சேர்ந்து பணம் கட்டியவர்கள் பழைய சட்டப்படி பென்சன் பெறலாம். 500 வாரங்கள் சந்தா கட்டியிருந்தால் போதும். 60 வயதில் வாங்கினால் உரிய தொகையில் 75 சதவீதம். காத்திருக்கும் ஒவ்வொரு வயதுக்கும் 5 சதவீதம் கூடி, 65-ல் முழுத் தொகை. கடைசி 250 வாரச் சம்பளத்தின் சராசரியை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தவர்களுக்கு, தனித்தனிச் சேமிப்புக் கணக்கு. சேர்ந்த பணத்துக்கு ஏற்ற பென்சன். இங்கே 2004-க்குப் பின் மத்திய அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்கு வந்தது போன்ற மாற்றம் அது. முதலில் 1,250 வாரங்கள் கட்ட வேண்டும் என்று இருந்தது. எத்தனை பேரால் முடியும்? 2020-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2021-ல் 750 வாரம். அதன் பின் ஆண்டுக்கு 25 வாரம் கூடி, 2031-ல் 1,000 வாரம் ஆகும்.

ஆனால் உழைப்பவர்களில் பாதிக்கு மேல் சந்தா, பதிவு எதுவும் இல்லாதவர்கள். தள்ளுவண்டிக்காரர், கொத்தனார், வீட்டு வேலைக்காரி, வயல் கூலி. இவர்கள் கதி?

2001-ம் ஆண்டு மெக்சிகோ நகர நிர்வாகம் 70 வயதானவர்களுக்கு மாதாமாதம் உதவிப் பணம் கொடுக்கத் தொடங்கியது. அதைத் தொடங்கிய லோபஸ் ஒப்ரதோர் பிற்பாடு ஜனாதிபதி ஆனார். 2020-ல் அந்த உரிமை அரசியல் சட்டத்திலேயே ஏறிவிட்டது. இப்போது 65 வயதான எல்லாருக்கும் உண்டு. ஏழை, பணக்காரர் வேறுபாடு இல்லை. 2025-ம் ஆண்டில் இரண்டு மாதத்துக்கு 6,200 பெசோ. நம் ரூபாயில் சுமார் 28 ஆயிரம். அங்கே விலைவாசி இங்கிருப்பதை விட அதிகம். அதனால் இதை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. ஆனாலும் மருந்துக்கும் ரொட்டிக்கும் ஆகும்.

60 முதல் 64 வயது வரை உள்ள பெண்களுக்கு 2025-ல் இரண்டு மாதத்துக்கு 3,000 பெசோ தந்தார்கள். வாழ்நாள் முழுவதும் அடுப்படியில் உழைத்து, ஒரு நாள் கூடச் சம்பளம் என்று கையில் வாங்காத பாட்டிக்குச் சொந்தப் பெயரில் பாங்கு அட்டை! பேரனுக்கு ஒரு நோட்டு வாங்க யாரையும் கேட்க வேண்டியதில்லை.

60 வயது ஆனவர்களுக்கு அரசு தரும் அடையாள அட்டையைக் காட்டினால் வெளியூர் பஸ், வீட்டு வரி, தண்ணீர் வரி முதலியவற்றில் சலுகை உண்டு. தலைநகர் மெட்ரோ ரெயிலில் டிக்கெட்டே வேண்டாம்.

இருந்தும் போதாதவர்கள் என்ன செய்கிறார்கள்? பெரிய கடைகளில் பணம் கட்டும் இடத்தில் நின்று, வாங்கிய சாமான்களைப் பையில் போட்டுக் கொடுப்பார்கள். சம்பளம் கிடையாது. வாங்குபவர் தரும் சில்லறைதான். 2020-ல் கொரோனா வந்ததும் இவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். நோய் தணிந்த பின், பெரிய கடைத்தொடர் ஒன்று இவர்களைத் திரும்ப அழைக்கவில்லை. சில்லறை போனது மட்டும் அல்ல. காலையில் சட்டை மாட்டிக் கொண்டு கிளம்ப ஒரு காரணமும் போய்விட்டது.

ரெயில் ஓடாத ரெயில்வே ஊர்

ரெயில்வே பென்சன்காரர்களின் கதை வேறு. மெக்சிகோ ரெயில்வேயை 1937-ல் ஜனாதிபதி கார்தெனாஸ் நாட்டுடைமை ஆக்கினார். ஊர் ஊராக ரெயில்வே குடும்பங்கள் தழைத்தன. 1995-ல் சட்டம் மாறியது. பாதைகள் தனியாருக்குக் குத்தகை போயின. சரக்கு ரெயில் லாபம் தந்தது. பயணி ரெயில் தரவில்லை. விரல் விட்டு எண்ணக்கூடிய தடங்கள் தவிர, பயணி ரெயில்கள் எல்லாம் நின்றன. 2001-ல் நிறுவனமே கலைக்கப்பட்டது.

பென்சன் நிற்கவில்லை. அதற்கென்று தனி நிதி ஏற்படுத்தினார்கள். ஆனால் வேலை செய்த நிலையம் பூட்டிக் கிடந்தால் மனம் என்ன பாடுபடும்? புவேப்லா நகரின் பழைய நிலையம் 1988-ல் ரெயில்வே அருங்காட்சியகம் ஆனது. தாம் ஓட்டிய வகை என்ஜினைப் பேரனுக்குக் காட்ட, அங்கே போக வேண்டும்! 2023-ம் ஆண்டு டிசம்பரில் தென்கிழக்கில் 'மாயா ரெயில்' ஓடத் தொடங்கியது. மற்றப் பாதைகளிலும் பயணி ரெயிலைக் கொண்டுவர அரசு முயன்று வருகிறது.

காகிதத்தின் விலை 38,000 பெசோ

1942 முதல் 1964 வரை, அமெரிக்க வயல்களுக்கும் ரெயில் பாதைகளுக்கும் மெக்சிகோ தொழிலாளர்களை ஒப்பந்தத்தில் அழைத்துப் போனார்கள். 'பிராசெரோ' என்று பெயர். 'பிராசோ' என்றால் கை. கையை நம்பிப் போனவர்கள்! தொடக்க ஆண்டுகளில் அவர்கள் கூலியில் 10 சதவீதம் பிடித்து, ஊர் திரும்பியதும் தருவதாகச் சொன்னார்கள். பணம் அமெரிக்க பாங்கில் இருந்து மெக்சிகோ பாங்குக்குப் போனது. உழைத்தவர்களில் பெரும்பாலோர் கைக்கு வரவே இல்லை.

கிழவர்கள் ஆன பின் அவர்கள் ஒன்று கூடிப் போராடினார்கள். 2005-ல் அரசு ஒரு நிதி ஏற்படுத்தி, ஆளுக்கு 38,000 பெசோ தர முன்வந்தது. ஆனால் பழைய ஒப்பந்தத் தாள், சம்பளச் சீட்டு போன்ற சான்று வேண்டும். அறுபது ஆண்டாகத் தகரப் பெட்டியில் காகிதத்தைக் காத்தவருக்குப் பணம் கிடைத்தது. கரையான் தின்றவருக்கு ஒன்றும் இல்லை. பலர் அதற்கு முன்பே கண்ணை மூடிவிட்டார்கள். பி.எப். சீட்டையும் சர்வீஸ் தாள்களையும் அலட்சியமாக வைத்திருப்பவர்கள் இந்தக் கதையை மறக்கக் கூடாது.

எல்லைக்கு அப்பால் பிள்ளைகள்

அப்பன் போன வழியில் பிள்ளைகளும் போனார்கள். 2024-ம் ஆண்டில் மட்டும் வெளிநாட்டில் இருந்து மெக்சிகோவுக்கு வந்த பணம் 6,400 கோடி டாலருக்கு மேல். மிச்சோகான், சகாதேகாஸ் மாநிலக் கிராமங்களில் அந்தப் பணத்தில் எழும்பிய மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. பலவற்றில் பூட்டுத் தொங்குகிறது. திறந்திருக்கும் வீட்டில் இருப்பது கிழவனும் கிழவியும்.

அங்கே இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு முறையான தாள்கள் இல்லை. ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது. அதனால் தாய் இறந்தாலும் வர முடியாதவர்கள் உண்டு. டெலிபோனில் முகம் பார்த்துக் கொள்வதோடு சரி. இந்தத் துயரைக் கண்டு மிச்சோகான் மாநில அரசு, 'தூதுப் புறாக்கள்' என்ற பெயரில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பல ஆண்டுகள் பிள்ளைகளைக் காணாத 60 வயதுப் பெற்றோருக்கு அமெரிக்க விசா வாங்க உதவி, குழுவாக அழைத்துப் போகிறார்கள். சிறு பையனாக அனுப்பிய மகன், நரைத்த தலையோடு எதிரே வந்து நிற்கிறான்!

டாலர் பென்சனோடு வருகிறவர்கள்

இதற்கு நேர் எதிரான பயணமும் நடக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓய்வு பெற்றவர்கள் மெக்சிகோவில் குடியேறுகிறார்கள். குவாதலஹாரா நகருக்குத் தெற்கே சப்பாலா ஏரி இருக்கிறது. நாட்டிலேயே பெரிய ஏரி அது. அதன் கரையில் உள்ள அஹிஹிக் என்ற ஊர் இவர்களுக்குப் பிடித்தமானது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரம். கொடிய வெயிலும் இல்லை, கடுங்குளிரும் இல்லை. 1955-லேயே இவர்கள் ஏரிக்கரையில் சங்கம் அமைத்துவிட்டார்கள். புதன்கிழமைச் சந்தையில் கூடையோடு பேரம் பேசும் வெள்ளைக்காரத் தாத்தாக்களைப் பார்க்கலாம்.

டாலரில் வரும் பென்சன் அங்கே இரட்டிப்பு வசதி தருகிறது. வருமானத்துக்குச் சான்று காட்டினால் தங்க அனுமதி. நான்கு ஆண்டுக்குப் பின் நிரந்தர அனுமதி. பென்சன் எல்லை தாண்டி வந்துவிடும். ஆனால் அமெரிக்க அரசின் முதியோர் வைத்தியக் காப்பீடு பொதுவாக எல்லை தாண்டாது. பெரிய நோய் என்றால் சொந்தக் காசு அல்லது ஊருக்கு விமானம். இவர்கள் வரவால் கடைகளுக்கு வியாபாரம் உண்டு. உள்ளூர்க்காரர்களுக்கு வீட்டு வாடகை ஏறிய வருத்தமும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் மெக்சிகோ வீடுகளில் மகன், மகள், மருமகள், பேரன், பேத்தி என்று கூட்டம் கூடும். கூடத்தில் நாற்காலி போதாது. டாலரில் வாங்க முடியாத பென்சன் அதுதான்.

செண்டுப்பூப் பாதை

நவம்பர் 1, 2 தேதிகளில் மெக்சிகோவில் இறந்தவர்களுக்குப் படையல் போடுகிறார்கள். வீட்டில் மேடை அமைத்துப் படம் வைத்து, அவருக்குப் பிடித்த பலகாரமும் ரொட்டியும் ஒரு தம்ளர் தண்ணீரும் வைப்பார்கள். இறந்தவர் வழி தெரிந்து வர, வாசலில் இருந்து மேடை வரை செண்டுப்பூ இதழ்களைத் தூவுவார்கள். தசராவுக்கு மும்பையில் குவித்து விற்கும் அதே மஞ்சள் பூதான். அதன் தாயகம் மெக்சிகோ.

அந்த நாளில் பூட்டிய வீடுகளில் சிலவும் திறக்கின்றன. ஊர் வர முடிந்த பிள்ளைகள் வருகிறார்கள். வர முடியாதவர்கள் பூவுக்குப் பணம் அனுப்புகிறார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி அவர்கள் சார்பில் இதழ்களைத் தூவி, தம்ளரில் தண்ணீரை ஊற்றி வைக்கிறாள்.