மொட்டைக் கொம்பைத் தூக்கி எறியாதீர்கள்!

ஓசூர் என்றதும் ரோஜாதான் எல்லோருக்கும் நினைவு வரும். எங்கள் மாடியிலோ ரோஜாவுக்குப் பக்கத்தில் ஈழத்தலரியும் இருக்கிறது. நர்சரியில் ‘ப்ளூமேரியா’ என்று கேளுங்கள். கன்னடம் பேசும் அக்கம்பக்கத்தார் ‘தேவகணகிலெ’ என்பார்கள். வெள்ளையில் மஞ்சள் கலந்த பழைய ரகம்தான் நமக்குப் பழக்கம். ஹைப்ரிட் ரகங்களிலோ ரோஸ், ஆரஞ்சு, கருஞ்சிவப்பு என்று எத்தனை நிறம்!

போன மார்கழியில் எதிர்வீட்டுப் பெண், இடுப்பில் குழந்தையோடு வந்தாள். “அக்கா, ஆசையா வாங்கின செடி, இலையெல்லாம் கொட்டிப் போச்சு. தினம் தண்ணி ஊத்தியும் தளிரே வரலை. குப்பையில போட்டுடட்டுமா?”

“போடாதேம்மா, அது தூங்குது. தண்ணியை மட்டும் நிறுத்து!” என்றேன்.

இந்தச் செடிக்குப் பூர்வீகம் மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள். வறண்ட காலத்தில் இலையை உதிர்த்து, தண்டில் சேர்த்த ஈரத்தில் உயிர் வாழும். ஓசூர் ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருப்பதால் மார்கழி, தைக் குளிரில் நன்றாகவே உறங்கிவிடும். இலை இல்லாத செடி தண்ணீரை அதிகம் உறிஞ்சாது. தினமும் ஊற்றினால் வேர் அழுகும். குளிரை விட நம் அன்புதான் அதைக் கொல்கிறது!

உயிர் இருக்கிறதா என்று பார்க்கக் கொம்பை விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் கவலையில்லை. கொழகொழவென்று இருந்தால் அழுகல். நல்ல பகுதி வரும் வரை வெட்டிவிடுங்கள். பங்குனி, சித்திரையில் தளிர் விட்டதும் பழையபடி தண்ணீர் விடலாம்.

வாங்கும்போது பூத்த செடியாகப் பார்த்து, முகர்ந்து வாங்குங்கள். எல்லா ஹைப்ரிட்டும் மணக்காது. விதையில் வளர்ந்தால் தாய்ச்செடியின் நிறமும் மணமும் அப்படியே வராது. ஒட்டுச்செடி அல்லது கொம்பு நடுவதே நல்லது.

ஒரு அடிக் கொம்பை வெட்டி, பால் வடிந்து வெட்டுவாய் காயும்படி 10 நாள் நிழலில் வையுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு கலந்து, அடியில் ஓட்டையுள்ள 12 அங்குலத் தொட்டியில் நாலு அங்குல ஆழத்தில் நட்டு, குச்சியோடு கட்டுங்கள். வேர் பிடிக்க ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பிறகு ஆறு மணி நேர வெயில் அவசியம். இலையடியில் ஆரஞ்சுப் பொடி தெரிந்தால் துரு நோய். அந்த இலைகளைப் பறித்து அப்புறப்படுத்துங்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டில் ஜாக்கிரதை! கொம்பை ஒடித்தால் வரும் பால் தோலில் பட்டால் எரியும், கண்ணில் படவே கூடாது. வெட்டும்போது கையுறை போடுங்கள். தொட்டி குழந்தைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

இதன் மணம் இரவில்தான் தூக்கல். பூவில் தேனே கிடையாது; வாசனையைக் காட்டியே அந்துப்பூச்சிகளை ஏமாற்றி வரவழைக்கிறது! ராத்திரி வேலையெல்லாம் முடித்து, ஐந்து நிமிஷம் மாடியில் போய் நின்று பாருங்கள். அலுப்பே தெரியாது.