கைத்தொலைபேசியில் ஒரு கைமாற்று



கைமாற்று என்ற சொல் நம் வீடுகளுக்குப் புதியதல்ல. மாதக் கடைசியில் அரிசி முடிந்துவிட்டால், பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க வேண்டியிருந்தால், சம்பளம் வர இன்னும் நான்கு நாட்கள் இருந்தால், பக்கத்து வீட்டு ராத்தாவிடம் பிள்ளையை அனுப்பி ஆயிரமோ இரண்டாயிரமோ வாங்கிக்கொள்வோம். அவரும் காசை எண்ணி, கடதாசியில் மடித்து, "பெருநாளைக்கு முன்ன தந்தா போதும் எண்டு உம்மாகிட்ட சொல்லு" என்று சொல்லி அனுப்புவார். தோழி தூர ஊரில் இருந்தால் தபால் கந்தோருக்குப் போய், வரிசையில் நின்று, காசுக்கட்டளை எடுக்க வேண்டும்.

இன்று அதே கைமாற்று அடுப்படியில் நின்றபடியே நடந்துவிடுகிறது. தோழி ஒரு செய்தி அனுப்புகிறாள்; நீங்கள் கைத்தொலைபேசியில் நான்கைந்து தடவை விரலை வைக்கிறீர்கள்; சோறு கொதித்து முடிவதற்குள் காசு போய்ச் சேர்ந்துவிடுகிறது. இது நல்லதா, கெட்டதா என்று தாய்மார்கள் சிலர் என்னிடம் கேட்டார்கள். ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட முடியாத கேள்வி இது.

முதலில் நன்மையைப் பார்ப்போம். கென்யா நாட்டில் 2007 மார்ச்சில் 'எம்-பெஸா' என்ற சேவை தொடங்கியது. 'பெஸா' என்றால் ஸ்வாஹிலி மொழியில் காசு. நமது பைசாவுக்கு உறவான சொல்தான். சிறு கடன் பெற்றவர்கள் தவணையைத் தொலைபேசி மூலம் திருப்பிச் செலுத்துவதற்காகவே இதை முதலில் பரீட்சித்துப் பார்த்தார்கள். ஆனால் மக்களோ தமக்குள் ஒருவருக்கொருவர் காசு அனுப்பத்தான் அதை அதிகம் பயன்படுத்தினார்கள். பின்னர் வில்லியம் ஜாக், தவ்னீத் சூரி என்ற இரு பொருளியலாளர்கள் அந்நாட்டுக் குடும்பங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். நோய், வேலையிழப்பு போன்ற கஷ்டம் வந்தபோது, இந்தச் சேவை இல்லாத குடும்பங்கள் தம் செலவைச் சுமார் 7 சதவீதம் குறைக்க நேர்ந்தது. சேவையைப் பயன்படுத்திய குடும்பங்களுக்கு அப்படிக் குறைக்க வேண்டிய நிலை வரவில்லை என்று 2014இல் எழுதினார்கள். காரணம் எளியது. தூரத்தில் இருந்த சொந்தக்காரரும் சினேகிதரும் உடனே உதவ முடிந்தது. 2016இல் வெளியான அவர்களது இன்னோர் ஆய்வு, ஏறத்தாழ 194,000 குடும்பங்கள் வறுமையிலிருந்து மீண்டன என்றும், பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில் இந்தப் பலன் கூடுதலாகத் தெரிந்தது என்றும் சொல்கிறது.

நம் நாட்டில் 'ஈஸி கேஷ்' 2012இலும் 'எம்-கேஷ்' அதற்கடுத்த ஆண்டிலும் வந்தன. ரீலோட் போடும் கடையில் காசைக் கொடுத்தால் அது உங்கள் இலக்கத்தில் ஏறும். அதைத் தோழியின் இலக்கத்துக்கு அனுப்பலாம். அவள் தன் ஊர்க் கடையில் அடையாள அட்டையைக் காட்டி எடுத்துக்கொள்வாள். நீங்கள் கொடுத்த காசுக்குச் சமமான தொகையை ஒரு வங்கியின் பொறுப்புக் கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய வங்கியின் விதி. ஆகவே காசு காற்றில் போகிறது என்று பயப்படத் தேவையில்லை. வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கோ 2015 முதல் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு உடனுக்குடன் அனுப்பும் வசதி வந்துவிட்டது.

இதனால் பெண்களுக்குக் கிடைத்த இலேசு கொஞ்சமல்ல. இத்தா இருக்கும் ஒரு சகோதரி, நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு இறங்காமலே தன் கொடுக்கல் வாங்கலை முடித்துக்கொள்கிறாள். சீட்டுப் பிடிக்கும் பெண்கள் வீடு வீடாக அலைவதில்லை. எல்லாவற்றையும் விட, கஷ்டப்பட்ட தோழிக்கு யார் கண்ணிலும் படாமல் உதவ முடிகிறது. மறைத்துக் கொடுக்கும் தர்மத்தின் சிறப்பை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாங்குகிறவளின் முகம் கூசாமல் கொடுப்பது பெரிய காரியம்; தொலைபேசி அதற்கு வழி செய்கிறது.

அனுப்புவதற்கு எடுக்கும் கட்டணம் வட்டியாகாதா என்று கேட்பவர்களும் உண்டு. ஆகாது. அது காசைச் சேர்ப்பிக்கும் கூலி. தபால் கந்தோரில் கொடுத்ததும் அதுதான். ஆனால் பத்தாயிரம் அனுப்பிவிட்டுப் பதினோராயிரம் தா என்று பேசினால், தொலைபேசியில் பேசினாலும் நேரில் பேசினாலும் வட்டி வட்டிதான்.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். அந்தப் பக்கத்து வீட்டு ராத்தா காசோடு ஒரு வார்த்தையையும் சேர்த்து அனுப்பினார் அல்லவா? "பெருநாளைக்கு முன்ன தந்தா போதும்." அந்த ஒரு வார்த்தையில் இது கடன் என்பதும், தவணை எது என்பதும், அவசரமில்லை என்ற அன்பும் இருந்தன. கேட்டு வந்த பிள்ளை சாட்சியாகவும் நின்றது. தொலைபேசியில் காசு மட்டும் போகிறது, வார்த்தை போவதில்லை.

இப்படி ஒரு நிலைமையை எண்ணிப் பாருங்கள். தோழியின் பிள்ளைக்குச் சுகமில்லை, ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒருத்தி பதினைந்தாயிரம் அனுப்புகிறாள். "அனுப்பினேன்" என்று ஒரு செய்தி. "ஜஸாகல்லாஹு கைரா" என்று ஒரு பதில். அவ்வளவுதான். அனுப்பியவள் கடன் என்று நினைத்திருக்கிறாள். வாங்கியவள் அன்பளிப்பு என்று நினைத்து துஆச் செய்துகொண்டிருக்கிறாள். எட்டு மாதம் போகிறது. ஒருத்தி கேட்க வெட்கப்படுகிறாள். மற்றவளுக்கோ கொடுக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லை. பின்னர் கல்யாண வீட்டில் இருவரும் சந்திக்கும்போது ஸலாம் மட்டும் சொல்லி விலகிப் போகிறார்கள். இருவரில் யாரும் மோசக்காரி இல்லை. ஆனாலும் இருபது வருட சினேகம் கெட்டுவிட்டது.

குர்ஆனின் ஆக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. ஸூரதுல் பகராவின் 282ஆம் வசனம் அது. தவணை வைத்துக் கொடுக்கும் கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது. தொகை சிறிதானாலும் பெரிதானாலும் எழுதச் சோம்ப வேண்டாம் என்பதும் அதில் வருகிறது. இது கட்டாயக் கடமையல்ல, விரும்பத்தக்கது என்பதே பெரும்பாலான இமாம்களின் கருத்து. நம்பிக்கையுள்ள இருவர் எழுதாமலும் கொடுத்து வாங்கலாம் என்பதற்கு அடுத்த வசனத்தில் இடமுண்டு. ஆனால் எழுதுவதற்கு இன்று என்ன கஷ்டம்? முன்பு எழுத்தரைத் தேட வேண்டும். இன்று எழுத்தர் உங்கள் கையிலேயே இருக்கிறார். காசு அனுப்பிய கையோடு, "ராத்தா, 15,000 கடனாக அனுப்பினேன். ரபீஉல் அவ்வலுக்குள் முடிந்த நேரம் தாங்க" என்று ஒரு வரி. அன்பளிப்பென்றால், "இது பிள்ளைக்கு நான் தருவது, திருப்பித் தர வேண்டாம்" என்று ஒரு வரி. வாங்குகிறவளும் "கடனாகக் கிடைத்தது" என்று பதில் எழுதட்டும். இதில் சினேகத்துக்கு எந்தக் குறைவும் இல்லை. எழுதினால் நம்பிக்கை இல்லை என்று நினைப்பாளே என்பது நம் பெண்களிடம் உள்ள வீண் கூச்சம். (ஆண்களிடம் இதை விட அதிகம். அது வேறு கதை.)

இதில் இன்னொரு பாரதூரமான விடயமும் உண்டு. மவுத்து யாருக்கு எப்போது வரும் என்று தெரியாது. கொடுக்கல் வாங்கல் முழுவதும் தொலைபேசிக்குள் இருக்கிறது, தொலைபேசியோ பூட்டியிருக்கிறது, திறக்கும் இரகசிய இலக்கம் மவுத்தானவருக்கு மட்டுமே தெரியும். அவர் யாருக்குக் கொடுக்க வேண்டும், யார் அவருக்குத் தர வேண்டும் என்று வீட்டாருக்கு எப்படித் தெரியும்? கடனை அடைத்த பின்புதானே வாரிசுகளுக்குப் பங்கு? கடனோடு ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் தாம் தொழுவிக்காமல் இருந்து, அபூகதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைப் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்தார்கள் என்ற செய்தியை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். ஆகவே ஒரு சிறிய கொப்பியை வாங்கி அலுமாரியில் வையுங்கள். அனுப்பிய திகதி, பெயர், தொகை, கடனா அன்பளிப்பா என்ற நான்கு விபரங்கள் போதும். இரகசிய இலக்கத்தை மட்டும் அதில் எழுத வேண்டாம்.

சிம் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதையும் ஒரு தடவை பாருங்கள். நம் வீடுகளில் பல தாய்மாரின் சிம், கணவரின் அல்லது மூத்த மகனின் அடையாள அட்டையில் எடுத்ததாகவே இருக்கிறது. பேசுவதற்கு அது போதும். அதில் காசு சேர்ந்தால், சட்டத்தின் கண்ணில் அது யாருடைய பெயரில் உள்ளதோ அவருடைய கணக்கு. மார்க்கம் பெண்ணின் சொத்தைப் பெண்ணுக்கே உரியதாக வைத்திருக்கும்போது, தையலில் உழைத்த காசும் சீட்டுக் காசும் மற்றொருவர் பெயரில் கிடப்பது ஏன்? தொலைபேசிக் கம்பனியின் கிளையில் அடையாள அட்டையைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

மோசடியைப் பற்றி நீங்கள் நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் நாட்டில் அதிகம் நடப்பது இதுதான்: தோழியின் வட்ஸ்அப்பை ஒருவன் கைப்பற்றிவிடுகிறான். பிறகு அவள் பெயரிலேயே, அவள் படத்தோடு, "அவசரமாக ஐம்பதாயிரம் தேவை, நாளைக்குத் தருகிறேன்" என்று அவளுக்குத் தெரிந்த எல்லோருக்கும் செய்தி போகிறது. நல்ல மனம் உள்ளவர்கள்தான் இதில் முதலில் ஏமாறுகிறார்கள். செய்தியைப் பார்த்தவுடன் அனுப்பாமல், அவளது சாதாரண இலக்கத்துக்கு நீங்களே அழைத்துப் பேசுங்கள். குரலையும் போலியாகச் செய்கிற காலம் இது. சந்தேகமாக இருந்தால் உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்றைக் கேளுங்கள். மதரஸாவில் பக்கத்தில் இருந்தது யார் என்று கேட்டாலே போதும். அவளது வட்ஸ்அப் எப்படிக் களவு போனது? அவள் தன் தொலைபேசிக்கு வந்த ஆறு இலக்கங்களை யாரோ கேட்டதும் சொல்லிக்கொடுத்ததால்தான் பெரும்பாலும். அந்த இலக்கம் வீட்டுச் சாவி. பரிசு விழுந்தது என்றாலும், வங்கியிலிருந்து பேசுகிறோம் என்றாலும் யாருக்கும் சொல்லக் கூடாது. இப்படி நடந்துவிட்டால் 101 என்ற இலக்கத்தில் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு அறிவிக்கலாம். வங்கியோ சேவை நிறுவனமோ உங்கள் முறைப்பாட்டைக் கவனிக்காவிட்டால் மத்திய வங்கியின் 1935 இருக்கிறது.

ஓர் இலக்கம் தவறினாலும் காசு வேறு யாருக்கோ போய்விடும். போனதை நீங்களாக இழுத்தெடுக்க முடியாது. பெற்றவர் செலவழித்துவிட்டால் மீட்பது மேலும் கஷ்டம். எனவே புதிய இலக்கத்துக்குப் பெரிய தொகை அனுப்ப முன், நூறு ரூபா அனுப்பி, கிடைத்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தவறிவிட்டால் அந்த நிமிடமே சேவை நிறுவனத்துக்கு அழையுங்கள். உங்களுக்கு யாருடையதோ காசு வந்தால், அது அல்லாஹ் தந்த ரிஸ்க் என்று சிலர் சிரித்துக்கொண்டு செலவழிக்கிறார்கள். அது அமானிதம், ஹலாலாகாது. ஆனால் "தவறி அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்று அழும் குரலை நம்பி உடனே அனுப்பியும் விடாதீர்கள். காசு வந்ததாகக் காட்டும் பொய்க் குறுஞ்செய்தியும் உண்டு. முதலில் உங்கள் மீதியைப் பாருங்கள். வந்திருந்தால் நிறுவனத்திடம் சொல்லி, அதன் மூலமே திருப்புங்கள்.

கடைசியாக, தோழியர் சிலர் கேட்கும் ஓர் உதவி. "என்ட மகனுக்கு ஒரு காசு வர இருக்கு, உங்கட கணக்குக்குப் போடச் சொல்றேன், எடுத்துத் தாங்க" என்பார்கள். மறுக்க மனம் வராது. ஆனால் போதைப்பொருள் விற்ற காசு இப்படிப் பிறர் கணக்குகளின் ஊடாகக் கைமாறிய செய்திகளைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். பொலிஸார் தேடி வரும்போது கணக்கில் இருக்கும் பெயர் உங்களுடையது. 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டம் பாரதூரமானது. தோழி நல்லவளாக இருக்கலாம். மகனுக்கு அந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்பது அவளுக்கே தெரியாமல் இருக்கலாம். அவள் மனம் நோகாமல் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மகனுக்குப் பதினெட்டு முடிஞ்சிட்டுத்தானே, அடையாள அட்டையோட அவரையே ஒரு கணக்குத் திறக்கச் சொல்லுங்க. தனியப் போகத் தயங்கினா, எங்கட மகனையும் கூட அனுப்புறேன்."