அட்ரியாட்டிக் மூலையில் ஒரே பந்தி

இத்தாலியின் வடகிழக்குக் கோடி, ஸ்லோவேனியாவின் மேற்கு ஓரம், குரோஷியாவின் இஸ்திரியா தீபகற்பம் ஆகிய மூன்றும் அட்ரியாட்டிக் கடலின் வடக்கு மூலையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. காலையில் திரியெஸ்தேயில் காப்பி, மதியம் பிரான் கடற்கரையில் மீன், இரவு மோத்தோவுன் குன்றில் ஒயின் என்று ஒரே நாளில் மூன்று நாடுகளிலும் சாப்பிட்டுவிடலாம். உணவுக்காகவே ஐரோப்பா போகிறவர்கள் பெரும்பாலும் பாரிஸையும் டஸ்கனியையும்தான் நாடுகிறார்கள். ஆனால் இவ்வளவு சிறிய வட்டத்துக்குள் இத்தனை வகை ருசி அடங்கிய வேறு பகுதியை அந்தக் கண்டத்தில் காண்பது கடினம்.

அதற்குக் காரணம் வரலாறு. 1918 வரை இந்தப் பகுதியின் பெரும்பாலான ஊர்கள் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கீழ் இருந்தன. முதல் உலகப் போருக்குப் பின் இத்தாலிக்குப் போயின. 1947 சமாதான ஒப்பந்தம் பெரும்பகுதியை யுகோஸ்லாவியாவுக்குக் கொடுத்தது. திரியெஸ்தேயும் அதன் சுற்றுப்புறமும் 1954 வரை எந்த நாட்டையும் சேராத தனிப் பிரதேசமாக இருந்தன. 1991இல் யுகோஸ்லாவியாவும் உடைந்தது. 1910இல் இஸ்திரியாவின் புயே ஊரில் பிறந்து நெடுநாள் வாழ்ந்த ஒருவர், வீட்டு வாசலைத் தாண்டாமலே நான்கைந்து ஆட்சிகளைப் பார்த்திருப்பார். கொடி மாறியது, காசு மாறியது, பள்ளியில் சொல்லித்தந்த மொழி மாறியது. அடுப்பில் கொதித்த பீன்ஸ் சூப் மட்டும் மாறவில்லை.

பயணத்தைத் திரியெஸ்தேயில் தொடங்குவது வசதி. 1719இல் பேரரசர் ஆறாம் சார்லஸ் இதைச் சுங்கவரி இல்லாத துறைமுகமாக அறிவித்தார். அதன்பின் வியன்னாவுக்குப் போகும் காப்பிக்கொட்டை மூட்டைகள் இங்கேதான் இறங்கின. இல்லி காப்பி நிறுவனம் 1933இல் தொடங்கப்பட்டதும் இந்த ஊரில்தான். இந்தியக் காப்பியை அதிகமாக வாங்கும் நாடு இத்தாலி என்பதால், இங்கே குடிக்கும் கோப்பையில் குடகு, வயநாட்டுக் கொட்டையும் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. இந்த ஊரார் காப்பி கேட்கும் விதமே தனி. ‘நேரோ’ என்றால் கறுப்புக் காப்பி. ‘காப்போ’ என்றால் கொஞ்சம் பால் சேர்த்தது. அதையே சின்னக் கண்ணாடிக் குவளையில் வேண்டுமானால் ‘காப்போ இன் பி’ என்று கேட்க வேண்டும். 1914இல் திறந்த சான் மார்கோ காப்பிக் கடையில் இன்றும் ஒரு கோப்பையோடு மணிக்கணக்காக உட்கார்ந்து படிக்கலாம்.

காப்பிக்கு அடுத்து இந்த ஊரில் பார்க்கவேண்டியது ‘புஃபே’ எனப்படும் சிறிய சாப்பாட்டுக் கடை. பெரிய அண்டாவில் பன்றி இறைச்சியின் பல பாகங்கள் நாள் முழுக்க வெந்துகொண்டிருக்கும். கேட்ட துண்டை எடுத்து அறுத்துக் கொடுப்பார்கள். கூடவே கடுகும், மூக்கில் சுரீரென ஏறும் ஹார்ஸ்ரேடிஷ் கிழங்குத் துருவலும். உப்பில் புளிக்கவைத்த முட்டைக்கோசையும் பீன்ஸையும் சேர்த்து வேகவைத்த ‘யோத்தா’ சூப் இதன் துணை. வியன்னாவின் இறைச்சி, ஸ்லோவேனியர்களின் முட்டைக்கோஸ், இத்தாலியின் ஒயின் மூன்றும் ஒரே மேசையில் கூடுவதை இந்தக் கடைகளில்தான் முதலில் பார்க்க முடியும்.

அங்கிருந்து வடமேற்கே, தாலியமெந்தோ ஆற்றை ஒட்டிய குன்றின்மேல் சான் தனியேலே ஊர் இருக்கிறது. ஆல்ப்ஸிலிருந்து இறங்கும் குளிர்காற்றும் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றும் இங்கே சந்திக்கின்றன. பன்றித் தொடையை உப்பிட்டு உலர்த்த இந்தக் காற்றைத்தான் நம்புகிறார்கள். சேர்ப்பது கடலுப்பு மட்டும். தொடை எத்தனை கிலோ எடையோ, அத்தனை நாள் உப்பில் கிடக்க வேண்டும் என்பது மரபு. பிறகு அழுத்தி, குளம்போடு தொங்கவிடுகிறார்கள். கித்தார் போன்ற அதன் உருவம் அழுத்தியதால் வருவது. குறைந்தது 13 மாதம் ஆன பிறகே முத்திரை விழும். பதம் பார்க்கும் முறை நேரில் பார்க்கவேண்டிய ஒன்று. குதிரை எலும்பில் செய்த மெல்லிய ஊசியைத் தொடைக்குள் குத்தி எடுத்து, ஒரு நொடி மோந்து பார்க்கிறார் பரிசோதகர். அந்த எலும்பு வாசனையைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும், சட்டென்று விட்டுவிடும். அதனால் அடுத்த குத்துக்கு உடனே தயாராகிவிடுகிறது. கெட்டுப்போன தொடை இந்த மூக்குக்குத் தப்பாது.

சான் தனியேலே அடங்கிய ஃப்ரியூலி வட்டாரத்தில் இறைச்சி சாப்பிடாதவர்களும் பட்டினி கிடக்கவேண்டியதில்லை. மொந்தாசியோ பாலாடைக்கட்டியையும் உருளைக்கிழங்கையும் சேர்த்து, இருபுறமும் மொறுமொறுப்பாகச் சுட்டெடுக்கும் ‘ஃப்ரிக்கோ’, பக்கத்தில் மக்காச்சோள மாவில் கிண்டிய ‘பொலெந்தா’ களி. இந்த இரண்டும் மலைக் கிராமங்களின் அன்றாடச் சாப்பாடு.

அடுத்து வரும் குன்றுகள்தான் இந்தப் பயணத்தின் மையம். இத்தாலியர் அவற்றைக் கொல்லியோ என்கிறார்கள், ஸ்லோவேனியர் பிர்தா என்கிறார்கள். 1947இல் எல்லைக்கோடு திராட்சைத் தோட்டங்களின் நடுவே போனது. வீடு ஒரு நாட்டிலும் கொடிகள் இன்னொரு நாட்டிலுமாகப் பல குடும்பங்கள் மாட்டிக்கொண்டன. கொரித்சியா நகரம் இத்தாலியோடு தங்க, எல்லைக்கு அந்தப் பக்கம் நோவா கொரித்சா என்ற புது நகரை யுகோஸ்லாவியா கட்டத் தொடங்கியது. இரண்டுக்கும் இடையே ரயில் நிலையச் சதுக்கத்தில் நின்ற வேலி, ஸ்லோவேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த 2004இல் அகற்றப்பட்டது. 2025இல் இரு நகரங்களும் சேர்ந்தே ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இருந்தன.

கோடு எதுவாயினும் மண் ஒன்றுதான். பழைய கடலடி வண்டலான சுண்ணக்களியும் மணற்கல்லும் அடுக்கடுக்காகப் படிந்தது. கையில் எடுத்து நெரித்தால் உதிரும், மழையில் கரையும். நீர் தேங்காத இந்தச் சரிவுகளில் இரு பக்கமும் விளைவது ஒரே மஞ்சள் திராட்சை. ரிபொல்லா என்றோ ரெபுலா என்றோ அதை அழைக்கிறார்கள். தோல் தடித்த பழம், புளிப்புச் சற்றுத் தூக்கலான சாறு.

இங்கேதான் ‘ஆரஞ்சு ஒயின்’ மறுபிறவி எடுத்தது. பெயரைப் பார்த்து ஆரஞ்சுப் பழத்தில் செய்தது என்று எண்ண வேண்டாம். வழக்கமாக வெள்ளை ஒயினுக்குத் திராட்சையைப் பிழிந்தவுடன் தோலை நீக்கிவிடுவார்கள். சிவப்பு ஒயினுக்குத் தோலோடு ஊறவிடுவார்கள். வெள்ளைத் திராட்சையையும் தோலோடு வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் ஊறவிடும்போது நிறமும் துவர்ப்பும் இறங்கி, செம்பொன் நிறத்தில் ஒரு ஒயின் கிடைக்கிறது. ஊரின் பழைய தாத்தாக்கள் செய்த முறை இது. எஃகுத் தொட்டியும் குளிர்பதனமும் வந்தபின் மறைந்துபோயிருந்தது. ஒஸ்லாவியா என்ற சிற்றூரில் யோஷ்கோ கிராவ்னெரும் ஸ்தாங்கோ ராதிகோனும் 1990களில் இதை மீட்டார்கள். கிராவ்னெர் அதோடு நிற்கவில்லை. 2000இல் ஜார்ஜியா நாட்டுக்குப் போய், அங்கே மண்ணில் கழுத்துவரை புதைத்த பெரிய மண் தாழிகளில் ஒயின் பழுப்பதைக் கண்டார். 2001 அறுவடையிலிருந்து அதே தாழிகளைத் தன் நிலவறையில் புதைத்து, தேன்மெழுகு பூசி, தோலோடு கூடிய சாற்றை அவற்றில் ஊற்றத் தொடங்கினார். பழச்சுவை கொண்ட மெல்லிய வெள்ளை ஒயினை எதிர்பார்த்திருந்த அன்றைய விமர்சகர் பலருக்கு அது பிடிக்கவில்லை. இன்று உலகெங்கும் இளம் தயாரிப்பாளர்கள் பின்பற்றும் பாதை அது. அதிகம் குளிரூட்டாமல், அகன்ற குவளையில் ஊற்றி, பொறுமையாகக் குடிக்கவேண்டிய ஒயின். உலர்ந்த ஆப்ரிகாட், தேயிலை, தேன் வாசனைகள் ஒவ்வொன்றாக மேலே வரும்.

ஒஸ்லாவியாவில் இன்னொன்றையும் பார்க்காமல் வரக்கூடாது. 1915க்கும் 1917க்கும் இடையே இசொன்சோ ஆற்றோரம் 12 போர்கள் நடந்தன. இந்தக் குன்றுகளில் ஒரு கொடிகூட மிஞ்சவில்லை. திராட்சைத் தோட்டங்களை ஒட்டி நிற்கும் நினைவகத்தில் 50,000க்கும் மேற்பட்ட வீரர்களின் எச்சங்கள் இருக்கின்றன. அதே ஆறு ஸ்லோவேனியாவில் சோச்சா என்று பெயர் பெற்று மரகதப் பச்சையாக ஓடுகிறது. அதன் பள்ளத்தாக்கில் கொபாரித் அருகே அனா ரோஷ் நடத்தும் ஹிஷா ஃபிராங்கோ உணவகம் 2023இல் மூன்று மிஷெலின் நட்சத்திரம் பெற்றது. ஆற்று மீனும், மலைப் பாலாடைக்கட்டியும், காட்டுக் கீரைகளும் அதன் சமையலுக்கு அடிப்படை.

தெற்கே திரும்பினால் கார்ஸ்ட் மேட்டுநிலம். அடியில் சுண்ணாம்புப் பாறை, மேலே இரும்புச்சத்து நிறைந்த செம்மண். வடகிழக்கிலிருந்து ‘போரா’ என்ற கடுங்காற்று வீசும்போது கூரை ஓடுகள் பறக்காதிருக்க அவற்றின்மேல் கல் வைக்கிறார்கள். அதே காற்றில்தான் புகை போடாமல் பன்றித் தொடையை உலர்த்துகிறார்கள். செம்மண்ணில் விளையும் தெரான் கருஞ்சிவப்பு நிறமும் நாக்கைக் கூசவைக்கும் புளிப்பும் கொண்ட ஒயின். கொழுப்பான இறைச்சிக்கு அது பொருத்தம். இந்தப் பெயருக்காக இரண்டு நாடுகள் வழக்காடியதும் உண்டு. இஸ்திரியாவின் ஒயினுக்கும் அந்தப் பெயரைப் போடலாம் என்று ஐரோப்பிய ஆணையம் 2017இல் அனுமதித்தது. அதை எதிர்த்த ஸ்லோவேனியா 2020இல் வழக்கில் தோற்றது.

கார்ஸ்டில் உணவகத்தைவிட ‘ஒஸ்மித்சா’வைத் தேடிப் போவது நல்லது. விவசாயிகள் தங்கள் சொந்த விளைச்சலை வீட்டிலேயே வரியின்றி விற்க, 1784இல் பேரரசர் இரண்டாம் யோசேப்பு ஆணை பிறப்பித்தார். ஆண்டுக்குச் சில நாட்கள் வீட்டு முற்றம் கடையாகும். சாலைச் சந்திப்பில் ஒரு மரப்பலகை, அதன்மேல் பச்சை ஐவிக் கொடிக் கொத்து. அதைப் பின்தொடர்ந்து போனால் நீள பெஞ்சுகள் போட்ட முற்றம் வரும். அன்றைக்கு அறுத்த ஹாம், அவித்த முட்டை, பாலாடைக்கட்டி, ஊறுகாய், குடத்தில் வீட்டு ஒயின். சமைத்த பதார்த்தம் எதிர்பார்க்கக்கூடாது. ஊர்க் கிழவர்கள் சீட்டாட, குழந்தைகள் ஓட, மொழி தெரியாதவருக்கும் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். பேரரசு போய் நூறாண்டு கடந்தும் அந்த ஆணையின் வழக்கம் இத்தாலியிலும் ஸ்லோவேனியாவிலும் நிற்கிறது. ஆஸ்திரியாவிலும் வேறு பெயரில் உண்டு.

குரோஷிய எல்லையை ஒட்டி, ஸ்லோவேனியப் பக்கம் இருப்பது செச்சோவ்லியே உப்பளம். பாத்தியின் அடியில் ‘பெத்தோலா’ என்ற மெல்லிய படலத்தை வளர்க்கிறார்கள். நுண்ணுயிர்களும் ஜிப்சமும் சேர்ந்த அந்தப் படலம் உப்பைக் களிமண்ணோடு ஒட்டவிடாது. அதனால் மரக் கருவிகளால் வாரும் உப்பு வெள்ளைவெளேரென வருகிறது. நூற்றாண்டுகளாக மாறாத வேலை.

இஸ்திரியாவுக்குள் நுழைய அழகான வழி பழைய ரயில் பாதை. 1902 முதல் 1935 வரை திரியெஸ்தேயிலிருந்து பொரெச் வரை 123 கி.மீ. ஓடிய குறுகிய ரயில் பாதை, பரென்சானா என்ற பெயரில் இப்போது மூன்று நாடுகளையும் கோக்கும் சைக்கிள் தடமாக இருக்கிறது. வழியிலுள்ள மோத்தோவுன் காட்டில், மீர்னா ஆற்றுப் பள்ளத்தாக்கில் வெள்ளை டிரஃபிள் கிடைக்கிறது. ஓக் போன்ற மரங்களின் வேர்களோடு சேர்ந்து மண்ணுக்கடியில் வளரும் காளான் இது. முற்றியபின்தான் மணம் வரும், அதை நாயின் மூக்குதான் கண்டுபிடிக்கும். 1999 நவம்பரில் ஜியான்கார்லோ சிகாந்தே தன் நாய் தியானாவோடு 1.31 கிலோ எடையில் ஒன்றைத் தோண்டியெடுத்தார். கின்னஸ் புத்தகத்தில் ஏறிய அதை அவர் விற்காமல், விருந்தினருக்குப் பரிமாறினார். வெள்ளை டிரஃபிளைச் சமைத்தால் மணம் போய்விடும். ‘ஃபுஜி’ என்ற சுருள் பாஸ்தாவின் மேலோ பொரித்த முட்டையின் மேலோ பச்சையாகச் சீவித் தூவுகிறார்கள். தட்டு மேசைக்கு வருமுன்பே மணம் வந்துவிடும்.

இதற்கு இணை மால்வாசியா என்ற வெள்ளை ஒயின். குளிர்காலத்தில் ‘சூப்பா’ உண்டு. மண் குடத்தில் தெரானைச் சூடாக்கி, சர்க்கரை, மிளகு, ஆலிவ் எண்ணெய் சேர்த்து, சுட்ட ரொட்டியை அதில் ஊறவைத்து எல்லோரும் பகிர்ந்துகொள்வார்கள். வசந்தத்தில் வேலியோரங்களில் காட்டு அஸ்பாரகஸ் முளைக்கும். நம்மூர்த் தண்ணீர்விட்டான் கொடியின் இனம் அது.

செப்டம்பரில் திராட்சை அறுவடை, அக்டோபர், நவம்பரில் வெள்ளை டிரஃபிள், ஏப்ரலில் அஸ்பாரகஸ். இவற்றில் எது வேண்டுமோ அதற்கேற்பப் புறப்படலாம். 2023 ஜனவரியில் குரோஷியாவும் யூரோவையும் ஷெங்கன் விதிகளையும் ஏற்றதால், இப்போது மூன்று நாடுகளுக்கும் ஒரே விசா, ஒரே காசு. ஆனாலும் எல்லையில் அவ்வப்போது சோதனை நடப்பதால் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். ஒயின் ருசிக்கப் போகும் நாட்களில் வண்டி ஓட்ட ஒருவர் குடிக்காமல் இருப்பது அவசியம். பாதாள அறைகளில் ருசித்துவிட்டுத் துப்புவதற்குக் கிண்ணம் வைத்திருப்பார்கள், அதைப் பயன்படுத்துவதை யாரும் குறையாக நினைப்பதில்லை. சிறு தயாரிப்பாளர்கள் பலர் முன்கூட்டித் தொலைபேசியில் சொன்னால்தான் கதவைத் திறப்பார்கள். அறுவடை வாரங்களில் குடும்பமே தோட்டத்தில் இருக்கும் என்பதால், அப்போது போகிறவர்கள் மாலை வேளையைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.