கொம்பில் ஓடிய குருதி

திண்டுக்கல் பக்கத்துப் பழைய காரை வீடுகள் சிலவற்றில், நிலைக்கு மேலே பலகையில் பதித்த மான்கொம்பை இன்றும் பார்க்கலாம். துண்டு மாட்டுவோம், சாவிக்கொத்தைத் தொங்கவிடுவோம், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது தூசி தட்டுவோம். நமக்கு அது ஓர் ஆணி, அவ்வளவுதான். அந்த ஆணிக்கும் ஒரு காலத்தில் தோல் இருந்தது, தோலில் பூமயிர் இருந்தது, உள்ளே வெதுவெதுப்பான ரத்தம் ஓடியது, தொட்டால் கூசும் நரம்பு இருந்தது என்று நம்மில் எத்தனை பேர் நினைத்திருப்போம்!

ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஒருமுறை முளைத்த கொம்பே ஆயுளுக்கும். இரலைக்கும் அப்படித்தான். புள்ளிமானுக்கும் கடமானுக்கும் படைத்தவன் வேறு கணக்குப் போட்டிருக்கிறான். கிடாவின், அதாவது ஆண் மானின், தலையில் இருப்பது முழுக்க எலும்பு. அது உதிரும், உதிர்ந்த இடத்திலேயே மீண்டும் முளைக்கும். ஓர் உறுப்பு மொத்தமாக விழுந்து, எலும்பும் தோலும் நரம்புமாக மறுபடி உருவாகும் இந்த வரம், பாலூட்டிகளில் மான் குலத்துக்கு வாய்த்ததுபோல வேறெதற்கும் வாய்க்கவில்லை.

முளைக்கும் கொம்பைப் போர்த்தியிருப்பதுதான் வெல்வெட் தோல். நுனியில் குருத்தெலும்பு புதிதாக ஊறிக்கொண்டே போக, தோலில் ஓடும் ரத்தக் குழாய்கள் அதற்கு உணவு சுமக்கின்றன. பெரிய மானினங்களில் ஒரே நாளில் 2 செ.மீ. வரைகூட வளர்ந்துவிடும். அவ்வளவு சுண்ணாம்புச் சத்துக்குத் தழையும் புல்லும் போதாதபோது, விலங்கு தன் விலா எலும்பிலிருந்தே கடன் வாங்குகிறது. பிறகு மேய்ந்து மேய்ந்து அடைக்கிறது. அந்த நாட்களில் கிடா தலையைப் பதனமாகத்தான் கொண்டுபோகும். சண்டை வந்தாலும் கொம்பை நீட்டாது; பின்னங்காலில் எழுந்து நின்று முன்னங்காலால் அடித்துக்கொள்ளும்.

பிறகு ஒரு பருவம். உடலுக்குள் ஆண்மைச் சுரப்பு கூடுகிறது. கொம்பு இறுகி முற்ற, ரத்த ஓட்டம் வற்றுகிறது. காத்து வளர்த்த தோல் காய்ந்து கிழிகிறது. கிடா ஒரு மரத்தைத் தேடிப் போய்க் கொம்பை உரசுகிறது. சிவந்த கீற்றுகள் முகத்தின் மேல் தொங்க, பார்ப்பவருக்குப் பதறும். ஆனால் அந்தத் தோலில் உயிர் அடங்கியிருக்கும், மானுக்கு நோவில்லை. உரிந்ததைச் சில சமயம் அதுவே தின்றும் விடுகிறது. வெளிப்படும் கொம்பு வெளுப்பாகத்தான் இருக்கும். மரப்பட்டையின் சாறும் உலர்ந்த ரத்தமும் ஏறி ஏறித்தான் நாம் அறிந்த அந்தப் பழுப்பு வருகிறது.

வெளிநாடுகளில், முற்றுமுன் வேட்டையாடிய மானின் கொம்பை வீட்டில் வைத்து, ஊறப்போட்டு, கத்தியால் கீறி, தேய்த்துத் தேய்த்துத் தோலை எடுப்பவர்கள் உண்டு. நியூசிலாந்துப் பண்ணைகளில் மரத்துப்போக ஊசி போட்டு, இளங்கொம்பையே மருந்துக்காக அறுக்கிறார்கள். மனிதன் இத்தனை கருவியோடு முனைந்து செய்வதை, பழனி மலை அடிவாரத்துக் கிடா ஒரு மரத்தடியில் முடித்துவிடுகிறது. எப்போது வளர்ப்பது, எப்போது விடுவது என்பதை அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முற்றிய பிறகும் மூடிவைத்த உறையை விடாமல் திரியும் நமக்கு இதைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

குளிர்நாட்டு மான்களுக்குப் பகலின் நீளமே நாட்காட்டி. அங்கே கிடாக்கள் ஏறக்குறைய ஒரே பருவத்தில் தோல் உரிக்கும். நாமோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 பாகை தொலைவில்தான் இருக்கிறோம்; இங்கே பகலின் நீளம் பெரிதாக மாறுவதில்லை. நம் புள்ளிமான் கூட்டத்தில் ஒன்று வெல்வெட்டோடு நிற்கும், ஒன்று முற்றிய கொம்போடு, இன்னொன்று அப்போதுதான் உதிர்த்த மொட்டைத் தலையோடு. ஒவ்வொன்றுக்கும் உள்ளே தனித்தனியாக ஒரு கடிகாரம்!

அடுத்த முறை துண்டை எடுக்கும்போது கொம்பின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். அடியிலிருந்து நுனிவரை வாய்க்கால் வாய்க்காலாக வரி தட்டுப்படும். தோலுக்கடியில் ரத்தக் குழாய்கள் ஓடிய தடம் அது. தோல் போனது, ரத்தம் போனது, குழாயும் போனது. ஓடிய பாதை மட்டும் எலும்பில் நிற்கிறது.

காட்டில் விழுந்த கொம்பும் வீண் இல்லை. முள்ளம்பன்றியும் எலியும் அதைக் கொறித்துச் சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்ளும்; மான்களே சில வேளை கடித்து மெல்லும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மான்கொம்பை அரசின் உடைமை என்கிறது. தானாக உதிர்ந்ததுதானே என்று எடுத்து வந்து விற்றாலும் வழக்குதான். சிறுமலைப் பாதையில் ஒன்று தட்டுப்பட்டால் நின்று பார்த்துவிட்டு நடையைக் கட்டலாம். அதற்கு உரிமை கொண்டாட முள்ளம்பன்றி ராத்திரி வரும்.